கோழிக்குக் காய்ச்சல் பாக்கிற கம்பி

எங்கடை வீட்டுக்குப் பின்னாலை தகரக் கூரை போட்டு இறக்கின பின்பத்தியிலை, சிரட்டைக்கரி மூட்டைக்கு மேலை இருக்கிற தட்டிலை ஒரு கறுத்தப் பெட்டி கனநாளாய்க் கிடந்தது. அதைக் கண்டாலே எனக்கு விசர் வரும். எறிஞ்சு துலைப்பம் எண்டால் மனம் வராது. ஆருக்கும் குடுப்பம் எண்டால், அது என்ன சாமான் எண்டு விளங்கப்படுத்திறதுக்குள்ளை எனக்குப் பொழுது பட்டிடும். இறைச்சிக்குள்ளை குத்தி வைச்சு, உள்ளுக்கை எத்தினை பாகை சூடு எண்டு பாக்கிற வெப்பமானி அது. வயர் இல்லாத நாலு ஊசி, அதுகளை அடுக்கி வைக்க, சூட்டை இலக்கத்திலை காட்டுற ஒரு பெட்டி. ஆரும் எனக்குப் பரிசாய்த் தந்த சாமான் இல்லை. மாதக்கணக்காய் ஃபோனைக் கையிலை வைச்சு, கண்ணாடியை மூக்கிலை போட்டு, பாத்துப் பாத்து நானே தெரிஞ்செடுத்தது. நான் இறைச்சி, மீன் எண்டு ஒரு மச்சமும் சாப்பிடாத மனிசி எண்டதையும் சேத்துச் சொல்லிப்போடுறன். சிரிக்கிற ஆக்கள் இப்பவே சிரிச்சு முடியுங்கோ.

தம்பியின்ரை அப்பா செத்ததோடை நான் மச்சத்தை விட்டிட்டன். தம்பி எண்டுறது என்ரை மகனை. எங்கடை பக்கத்திலை பெத்த பிள்ளையையும் தம்பி எண்டுதான் கூப்பிடுறது. எனக்கு அவன் ஒருத்தன்தான். அவனுக்கு மச்சம் இல்லாமல் சோறு இறங்காது. அதாலை எங்கடை வீட்டிலை ரெண்டு அடுப்பு. குசினிக்குள்ளை மரக்கறிச் சமையல் மட்டும். கோழி, ஆடு, மீன் எல்லாம் பின்பத்தியிலை; அதுக்கெண்டு வேறை சட்டி, வேறை அகப்பை, வேறை கத்தி. உப்புப் பாக்க நாக்கிலை ஒரு சொட்டும் வைக்காமல், மணத்தையும் நிறத்தையும் வைச்சே நான் அவனுக்குக் கறி வைச்சுக் குடுப்பன். அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

படிச்சு முடிச்ச பிறகு அவன் ரெண்டு மூண்டு கந்தோரிலை வேலை பாத்தான். ஒண்டும் ஒத்துவரேல்லை. கடைசியிலை ஒரு எண்ணெய் ட்ரம்மை நீட்டுக்குப் பிளந்து, பிணைச்சல் போட்டு மூடி வைச்சு, கம்பித்தட்டுப் பூட்டி, பார்பிகியூ செய்து குடுக்கத் துவங்கினான். கொடிகாமத்துக்கு இஞ்சாலை எங்கடை வளவு. வெளிநாட்டிலை இருந்து லீவுக்கு வாற ஆக்களுக்கு இப்ப பார்பிகியூ இல்லாட்டிக் கொண்டாட்டமே இல்லை. பிறந்தநாள், புது வீடு குடிபூரல், சும்மா கூடிக் கதைக்கிறது, எல்லாத்துக்கும் பெடியன்ரை ட்ரம்மைக் கேட்டு வருவினம். லாண்ட்மாஸ்ரர் உழவு மிசினிலை ட்ரம்மை ஏத்திக்கொண்டு அவன் வெளிக்கிட்டால் எனக்கு நெஞ்சு நிறையும். ஏனெண்டால் எனக்கு வேண்டியிருந்தது ஒண்டே ஒண்டுதான். பிள்ளை இஞ்சை நிக்கவேணும். எங்கடை ஒழுங்கையிலை பெடியள் இருக்கிற வீட்டை இப்ப தேடித்தான் பிடிக்கவேணும். எல்லா வீட்டிலையும் என்னைப்போலை ஒண்டு, கேற்றைப் பூட்டிப்போட்டு ஃபோனைப் பாத்துக்கொண்டு இருக்குது.

கனடாவிலை இருக்கிற என்ரை அண்ணை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுப்பார். எடுத்தால் ஒரே கதைதான்.

"தங்கச்சி, அவனை இஞ்சாலை அனுப்பிவிடு. அங்கை இருந்து கோழி சுட்டுக்கொண்டு என்ன செய்யப்போறான்?"

"கோழி சுட்டாலும் சொந்த வளவிலை சுடுறான் அண்ணை. உங்கடை வேலையைப் பாருங்கோ" எண்டு நான் வெட்டிவிடுவன்.

அப்பிடியே போயிருந்தால் நல்லாயிருந்திருக்கும். ஒரு பிள்ளை பெரியபிள்ளையானதுக்கு வைச்ச சாமத்திய வீடு வந்து எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது. சுவிஸிலை இருந்து வந்த குடும்பம், பெரிய பந்தல், ஊரெல்லாம் கூடியிருந்த ஆக்கள். கோழிக்கால் மட்டும் பெரிய பெரிய தாச்சியிலை கொண்டுபோனவன். சனம் பசியிலை நெருக்க, அவன் நெருப்பைக் கூட்டிவிட்டிட்டான். வெளியிலை கறுத்து மினுங்கின கால், எலும்படியிலை பச்சை. வந்த ஒருத்தர் காலைப் பிச்சு, அந்த ரத்தத்தை எல்லாருக்கும் தூக்கிக் காட்டி, ஃபோனிலை வீடியோப் படமும் பிடிச்சார். "உங்கை சாப்பிட்டால் நேரை ஆஸ்பத்திரிதான்" எண்டு அவர் சொன்னதும் அந்தப் படத்திலை விழுந்துது. அடுத்தநாள் அது கொடிகாமம் சந்தைக்குள்ளை மரக்கறி விக்கிற ஆக்களின்ரை ஃபோனிலையும் ஓடிச்சுது. நாசமாய்ப் போவான், தான் தின்னாட்டி வைச்சிட்டுப் போயிருக்கலாம்.

தம்பி ட்ரம்மைக் கழுவாமல் மாமரத்துக்குக் கீழை கவிட்டு விட்டான். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கேல்லை எண்டான். பிறகு ஒருநாள், என்னைப் பாக்காமல், செருப்பைப் பாத்துக்கொண்டு சொன்னான்.

"இந்த ஊரிலை இனி ஒண்டும் சரிவராது அம்மா. மாமா சொல்லுறதும் சரிதான்."

மாமா சொல்லுறது என்னவெண்டு எனக்குத் தெரியும்தானே. அந்த நேரம் நான் அழுதிருந்தால் ஒருவேளை பலிச்சிருக்கும். ஆனால் நான் அழுகிற பிறவி இல்லை. பள்ளிக்கூடத்திலை விஞ்ஞானம் படிப்பிச்ச ரீச்சர். ஒண்டு பிழைச்சால் ஏன் பிழைச்சது எண்டு பாத்துத் திருத்தவேணும் எண்டுதான் புத்தி போகும். கோழி பச்சையாய்ப் போனது ஏன்? உள்ளை எத்தினை பாகை எண்டு தெரியாததாலை. மூடியைத் திறந்து திறந்து பாத்தால் சூடு போயிடும், பாக்காமல் விட்டால் கருகிடும். அப்ப உள்ளை சூடு பாக்கிற கருவி ஒண்டு வேணும். அது வந்தால் கோழி பிழைக்காது. கோழி பிழைக்காட்டிப் பிள்ளை போகான். இவ்வளவுதான் என்ரை கணக்கு. இப்ப நினைக்கச் சிரிப்பும் வருது, வயிறும் எரியுது.

"நான் பாத்து எடுப்பிக்கிறன், நீ ட்ரம்மைக் கழுவு" எண்டன் அவனுக்கு.

அண்டையிலை இருந்து எனக்கு வேறை வேலை இல்லை. விளக்கு வைச்சுத் தேவாரம் படிச்ச கையோடை ஃபோனைத் தூக்கினால், வெள்ளைக்காரர் மாட்டையும் பண்டியையும் நெருப்பிலை போட்டுக் கருவியைக் குத்திக் குத்திக் காட்டுற படங்கள். சிவசிவா எண்டு கொண்டு முழுக்கப் பாப்பன். முதல் கண்டது வயர் வைச்சது. ஊசியிலை இருந்து வயர் போய் ஒரு பெட்டியிலை ஏறும். விலை குறைவு, ஆனால் எங்கடை ட்ரம்மின்ரை மூடிக்கு அந்த வயர் ஒருநாள் தாங்காது. மூடின உடனை விளிம்பிலை நசிஞ்சு அறுந்துபோம். அதை விட்டன்.

பிறகு வயர் இல்லாதது. ஊசிக்குள்ளையே பற்றறி வைச்சிருக்கிறாங்கள். இறைச்சிக்குள்ளை போற நுனி இவ்வளவு சூடு தாங்கும், வெளியிலை நிக்கிற முனை இவ்வளவு தாங்கும் எண்டு பெரிசாய்ப் போட்டிருப்பாங்கள். நான் அதை நம்பேல்லை. வாங்கின ஆக்கள் கீழை எழுதியிருக்கிறதைத்தான் வாசிச்சன். அதிலும் நல்லது, வல்லது எண்டு புகழ்ந்தவையை விட்டிட்டு, திட்டினவையின்ரையை மட்டும். ஒருத்தர் நெருப்பு நேரை பட்ட உடனை ஊசி செத்துப்போச்சு எண்டார். ஒரு மனிசி கழுவினதோடை சரி எண்டா. இன்னொருத்தர் பெட்டியிலை சார்ஜ் நிக்கேல்லை எண்டு கம்பனிக்காரன்ரை பரம்பரையையே இழுத்திருந்தார். அப்பிடி ஒவ்வொண்டாய்த் தள்ளித் தள்ளி வந்தன். முன்வீட்டு அக்கா ஒருநாள் எட்டிப் பாத்திட்டு, "ரீச்சர், உது என்ன, கோழிக்குக் காய்ச்சல் பாக்கிற கம்பியோ?" எண்டு கேட்டா. எனக்கும் சிரிப்பு வந்திட்டுது.

எத்தினை ஊசி எண்டதிலையும் நான் விட்டுக்குடுக்கேல்லை. அண்ணை ஒண்டு காணும் எண்டார். என்னண்டு காணும்? கோழியின்ரை நெஞ்சு ஒரு வேகம், தொடை ஒரு வேகம். ஆட்டுத்தொடை அதுகளிலும் பிந்தும். ட்ரம்முக்குள்ளை காத்து எவ்வளவு சூடு எண்டும் தெரியவேணும். அதுக்கு நாலு வேணும். நாலுக்கும் நாலு நிற வளையம் இருக்கவேணும், எது எங்கை குத்தினது எண்டு மாறிப்போகக்கூடாது.

பெரிய சிக்கல் தூரத்திலைதான் வந்தது. புளூடூத் எண்டால் வெட்டவெளியிலை நல்லாய்ப் பாயும். எங்கடை வளவிலை ட்ரம் இரும்பு, பத்தி தகரம், வீட்டுச் சுவரோ ஒரு முழத் தடிப்பு. தம்பி உள்ளுக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிக்கிறதுக்குள்ளை அறுந்துபோம். வைஃபையிலை வேலை செய்யிறது எடுத்தால் அந்தக் கரைச்சல் இல்லை. ஆனால் எங்கடை வீட்டு வைஃபைப் பெட்டி இருக்கிறது சாமியறைச் சுவரிலை. பூட்ட வந்த ஆக்கள் பிளக் எங்கை சும்மா கிடக்குது எண்டு பாத்து அங்கை அடிச்சிட்டாங்கள். ஊசி வைக்கிற பெட்டி வைஃபைக்குக் கிட்ட இருந்தால்தான் நல்லது எண்டு எல்லாரும் எழுதியிருந்தினம். மச்சத்துக்குள்ளை குத்தி எடுத்த சாமானைக் கொண்டுபோய் முருகனுக்கு முன்னாலை வைக்க நான் என்ன விசரியோ? ஏலாது எண்டிட்டன். பெட்டி பத்தியை விட்டு உள்ளுக்கு வரக்கூடாது. பத்தியிலை இருந்தபடி சாமியறை வைஃபையைப் பிடிக்கிற கருவிதான் வேணும்.

அதுக்காக ஒருநாள் காலமை தம்பி ஃபோனைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வளவு முழுக்க நடந்தான். கிணத்தடி, வாழைப்பாத்தி, பத்தி. நான் சாமியறை வாசலிலை நிண்டு, "இப்ப எத்தினை கோடு?" எண்டு கத்துவன். "ரெண்டு! ... அம்மா, இப்ப ஒண்டு!" எண்டு அவன் கத்துவான். பத்தித் தட்டிலை ரெண்டரைக் கோடு விழுந்துது. அவன் வந்து படியிலை இருந்து, வேர்வையைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சான். சாமத்திய வீட்டுக்குப் பிறகு அவன் சிரிச்சது அண்டைக்குத்தான். சிரிச்சிட்டு, "ஏன் அம்மா இவ்வளவு மினக்கெடுறியள்? ஏதாவது ஒண்டு போதும்" எண்டான்.

"ஏதாவது ஒண்டாலைதானே ராசா சந்தி சிரிச்சது" எண்டன் நான்.

நான் அப்ப அவன்ரை முகத்தைப் பாக்கேல்லை, ஃபோனைத்தான் பாத்துக்கொண்டிருந்தன்.

கடைசியிலை ஒண்டைத் தெரிஞ்செடுத்து அண்ணைக்கு அனுப்பினன். ஆகஸ்ட்டிலை வரேக்கை வாங்கிக்கொண்டு வாறன் எண்டார். வீடியோவிலை அதைப் பாத்திட்டு அவருக்குப் பெரிய சந்தோசம், ஒரே புளுகம். "தங்கச்சி, நல்ல சாமான் பிடிச்சிருக்கிறாய். ஃபோனிலை போட்டால் உலகத்திலை எங்கை இருந்தும் சூடு பாக்கலாம். நான் ரொறன்ரோவிலை இருந்தே உங்கடை கோழியைப் பாப்பன்!"

"நீங்கள் என்னத்துக்கு அங்கையிருந்து எங்கடை கோழியைப் பாக்கிறியள்?" எண்டு கேட்டன். "பாக்கிறவன் இஞ்சை நிப்பான்."

அண்ணை வந்தார். வந்த கிழமையே நல்லூர் முருகன் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறிச்சுது. ஐயோ, அதை நினைக்க இப்பவும் தலையிலை அடிக்கவேணும் போலை இருக்கு. கொடி ஏறினால் இருபத்தஞ்சு நாள், தீர்த்தம் முடியுமட்டும் எங்கடை பக்கத்திலை ஆரும் மச்சம் தொடாயினம். மீன்காரன்கூட ஒழுங்கைக்குள்ளை வாறதில்லை. கனடாவிலை இருக்கிற மனிசனுக்கு மறந்தது சரி. பஞ்சாங்கம் பாத்துப் பொழுது விடியிற எனக்கு என்ன வந்தது? இறைச்சி வெப்பமானி வீடு வந்து சேந்திட்டுது, இறைச்சி இல்லை. ஆர் இதைக் கேள்விப்பட்டாலும் விழுந்து விழுந்து சிரிப்பினம், சிரிச்சும்போட்டினம்.

எனக்குப் பொறுமை இல்லை. கருவி சரியோ பிழையோ எண்டு தெரியாமல் என்னண்டு இருக்கிறது? ஐஸ் போட்ட தண்ணியிலை நாலு ஊசியையும் விட்டுப் பாத்தன். பச்சை வளையம் ஒரு பாகை கூடக் காட்டிச்சுது, மற்றதெல்லாம் சரி. கொதிதண்ணியிலை பாத்தன். பிறகு ட்ரம்மை மூட்டி, முழுப் பூசணிக்காயிலை ஒண்டு, மரவள்ளிக்கிழங்கிலை ஒண்டு, கத்தரிக்காயிலை ஒண்டு எண்டு குத்தி வைச்சன். அதுக்குரிய ஆப்பைத் தம்பியின்ரை ஃபோனிலைதான் போட்டது. என்ரையிலும் போடட்டோ எண்டு கேட்டான். "எனக்கென்னத்துக்கு? நிண்டு செய்யப்போறது நீதானே" எண்டன். பூசணிக்காய் எழுபத்தஞ்சு பாகைக்கு வர ஃபோன் கிணுகிணுத்துது. அண்ணை கைதட்டினார்.

ட்ரம்முக்கு வேலை இல்லாத அந்த நாளெல்லாம் அண்ணையும் அவனும் மாமரத்துக்குக் கீழை கதிரை போட்டுக் கதைச்சுக்கொண்டிருந்தினம். நான் தேத்தண்ணி கொண்டுபோனால் கதை நிண்டுபோம். பிறகு மழையைப் பற்றிக் கதைப்பினம். ஆகஸ்ட்டிலை எங்கை மழை? இடையிலை தம்பி ஒருக்கால் கொழும்புக்குப் போட்டு வந்தான். ட்ரம்முக்கு நல்ல கம்பித்தட்டுப் பாக்கப் போறன் எண்டான். வெறுங்கையோடை வந்தான். "நல்லது கிடைக்கேல்லை" எண்டான். நானும் நம்பி, "பறவாயில்லை, இருக்கிறது காணும்" எண்டன். என்னைப்போலை ஒரு பேய்ச்சியைக் காணேலாது.

தீர்த்தம் முடிஞ்சு, வீடு வாசல் கழுவி, மற்றக் கிழமை அண்ணை பெரிய எடுப்பிலை பார்பிகியூ வைச்சார். சொந்தக்காரர், அயல், தம்பியோடை படிச்ச ரெண்டு மூண்டு பேர். நான் விடியக்காலமையே எழும்பி மிளகாய்த்தூள், மிளகு, உள்ளி, தேசிக்காய்ப்புளி எல்லாம் சேத்து இறைச்சிக்குப் பிரட்டிக் குடுத்தன். நாலு ஊசியையும் நானே கொதிதண்ணியிலை கழுவிக் குடுத்தன். மூடியை ஒருக்காலும் திறக்கேல்லை. அவன் ஃபோனைப் பாத்து நிக்க, நான் பெட்டியைப் பாத்து நிண்டன். எழுபத்தஞ்சு வர எடுத்து, ஒரு தொடையைப் பிளந்து எலும்படியைக் காட்டினான். பச்சை இல்லை, கருகல் இல்லை. சனம் சாப்பிட்ட சாப்பாட்டைப் பாக்கவேணும். நான் வாயிலை வைக்கேல்லை, வைக்காமலே எனக்கு வயிறு நிறைஞ்சுது.

"பாத்தியோ தம்பி? இனி ஒருத்தன் வாய் திறக்க ஏலாது. சுவிஸ்காரரைத் திருப்பிக் கூப்பிடு, வந்து படம் பிடிக்கட்டும்" எண்டன்.

அவன் "ஓம் அம்மா" எண்டான். தலை நிமிரேல்லை.

அப்ப முன்வீட்டு அக்கா கை கழுவிப்போட்டு வந்து என்ரை தோளைப் பிடிச்சா. "கவலைப்படாதேங்கோ ரீச்சர். எங்கை போனாலும் உங்கடை கைப்பக்குவம் அவனோடை போகும். எப்ப ஃபிளைட்?"

நான் அவவைப் பாத்தன். சிரிச்சுக்கொண்டு நிண்ட மனிசிக்கு முகம் செத்துப்போச்சு. சுத்தி நிண்ட எல்லாரும் கையிலை இருந்த பீங்கானைப் பாத்தினம். ஒருத்தருக்கும் அது புதினமாய் இல்லை. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. அது அவன்ரை பிரியாவிடைச் சாப்பாடு. எனக்கு மட்டும் தெரியாது, நான் இறைச்சிக்குப் பிரட்டிக் குடுத்துக்கொண்டிருந்தன்.

அண்ணை வந்து, "விசா வந்திட்டுது தங்கச்சி. முதலே சொன்னால் நீ குழப்புவாய் எண்டுதான்..." எண்டார். விசிற்றர் விசாவாம். ஆறு மாதமாம். கொழும்புக்குப் போனது கம்பித்தட்டு வாங்க இல்லை, கைரேகை வைக்க. நான் என்ன கேட்டன் எண்டு இப்ப ஞாபகம் இல்லை. ஆனால் ஒண்டு மட்டும் சொன்னன், அது நல்ல ஞாபகம்.

"அண்ணை, ஒரு வெப்பமானியைக் கொண்டுவந்து தந்திட்டு என்ரை பிள்ளையைக் கொண்டுபோறியள், என்ன?"

தம்பி வந்து என்ரை கையைப் பிடிச்சான். கை முழுக்க எண்ணெயும் கரியும். "உங்களுக்கு ஒண்டெண்டால் அடுத்த பிளேனிலை ஓடி வந்திடுவன் அம்மா" எண்டான். நான் கையை இழுத்துக்கொண்டு கிணத்தடிக்குப் போனன். அவன் அதை உண்மையாய்த்தான் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

போனான். ஆறு மாதம் முடியிறதுக்கு முன்னமே அண்ணை எடுத்து, "அவனுக்கு இஞ்சை அகதிக் கேஸ் போட்டாச்சு" எண்டார். கேஸ் முடியுமட்டும் அந்த நாட்டை விட்டு அசைய ஏலாதாம். ஊருக்குத் திரும்பிக் கால் வைச்சால் எல்லாம் பாழாம். எவ்வளவு காலம் எண்டு கேட்டன். அது ஆருக்கும் தெரியாதாம். பிறகு குரலைப் பதிச்சு, "தங்கச்சி, உனக்கு ஏதும் சுகமில்லை எண்டாலும் அவனுக்குச் சொல்லாதை. அவன் பாசக்காரன், விசர் பிடிச்சு வெளிக்கிட்டிடுவான். என்ன எண்டாலும் எனக்கு எடு" எண்டார். எல்லா ஒழுங்கும் செய்து வைச்சிருக்கினம், பாருங்கோ. என்ரை வருத்தத்துக்கும் ஒரு வழி போட்டு வைச்சிருக்கினம்.

ட்ரம் மாமரத்துக்குக் கீழை கறள் பிடிச்சுது. கோழி சட்டியிலும் இல்லை, நெருப்பிலும் இல்லை. பின்பத்தி அடுப்பு மூட்ட ஆளில்லை, அகப்பையிலை சிலந்தி வலை. குசினி அடுப்பிலை ஒரு சுண்டு அரிசி அளந்து சோறு, ஒரு கறி. அவன் ஒவ்வொரு நாளும் எடுப்பான். "சாப்பிட்டியளோ அம்மா?" "ஓம்." "என்ன கறி?" "கத்தரிக்காய்." அங்கை அவன் ஒரு கடைக் குசினியிலை நிக்கிறான். என்ன சமைக்கிறாய் எண்டு கேட்டால், "கோழிதான்" எண்டு சிரிப்பான். நான் சிரிக்கமாட்டன்.

போன மாரியிலை எனக்குக் காய்ச்சல் பிடிச்சுது. முதல் நாள் மல்லி அவிச்சுக் குடிச்சன். அடுத்த நாளும் விடேல்லை. உடம்பு முறிச்சுப் போட்ட மாதிரி, கண்ணுக்குப் பின்னாலை குத்து. எங்கடை பக்கம் முழுக்க டெங்கு. முன்வீட்டு அக்கா மகளின்ரை பிள்ளைப்பெறு பாக்கக் கொழும்புக்குப் போட்டா. காய்ச்சல் எவ்வளவு எண்டு தெரிஞ்சால் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிக்கிறதோ, ஒரு குளிசை போட்டுப் படுக்கிறதோ எண்டு முடிவெடுக்கலாம். காய்ச்சல் பாக்கிற கருவியை அலுமாரியிலை தேடி எடுத்தன். பற்றறி செத்துக் கிடந்தது. அந்தப் பொட்டுப் பற்றறி வாங்க ஆர் இருக்கினம் கடைக்குப் போக?

அப்பதான் பத்தித் தட்டு ஞாபகம் வந்தது.

சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுப் போனன். பெட்டியைத் தூசு தட்டி எடுத்து, ஒரு ஊசியைக் கொதிதண்ணியிலை போட்டு, தேசிக்காய்ப் பாதியாலை தேச்சுக் கழுவினன். பச்சை வளையத்தை எடுக்கேல்லை, அது ஒரு பாகை கூடக் காட்டும். பத்தியிலை பிளக் எரிஞ்சு போயிருந்தது. சார்ஜ் போட, சாமியறைச் சுவரிலை, வைஃபைக்குப் பக்கத்திலை இருந்த பிளக்தான் மிச்சம். ஒருக்கால் யோசிச்சன். பிறகு முருகனைப் பாத்து, "நீர்தான் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு நிண்டனீர், இதையும் பாரும்" எண்டு சொல்லிப்போட்டு, பெட்டியை அவருக்கு முன்னாலையே வைச்சுச் செருகினன். கொஞ்சம் சார்ஜ் ஏற, சாமியறை வாசலிலை பாயைப் போட்டுப் படுத்து, கூர் குத்தாமல் ஊசியைப் படுக்கையாய்க் கக்கத்துக்குள்ளை வைச்சுக் கையை இறுக்கினன். ஆட்டுத்தொடைக்கெண்டு நான் ஆசை ஆசையாய்த் தெரிஞ்செடுத்த ஊசி. பெட்டியிலை இலக்கம் ஏறிச்சுது. முப்பத்தாறு. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது தசம் நாலிலை வந்து நிண்டுது.

தலைமாட்டிலை ஃபோன் கிணுக்கிட்டுது. தம்பியின்ரை மெசேச். அங்கை விடிஞ்சிருக்கும், வேலைக்குப் போற வழியிலை பஸ்ஸிலை இருந்திருப்பான். அவன் அந்த வெப்பமானி ஆப்பை இன்னும் ஃபோனிலை இருந்து எடுக்கேல்லை எண்டு எனக்கு அப்பதான் தெரியும். அவனுக்குப் போய்க் காட்டியிருக்கு.

"அம்மா!!! ட்ரம்மை மூட்டியிருக்கிறியளோ? ஆருக்குச் சமையல்? எனக்குச் சந்தோசமாய்க் கிடக்கு. எப்பன் பொறுங்கோ, முப்பத்தொன்பதுதான் காட்டுது. அது இன்னும் பச்சை. எழுபத்தஞ்சு வருமட்டும் எடுத்துப்போடாதேங்கோ, என்ன?"

கண் எரிஞ்சுது. எழுத்து ரெண்டு ரெண்டாய்த் தெரிஞ்சுது. வலக்கை ஊசியை இறுக்கிக்கொண்டிருந்தது, இடக்கை விரலாலை ஒவ்வொரு எழுத்தாய்த் தேடித் தேடிக் குத்தினன்.

"ஓம் ராசா. எடுக்கேல்லை. நீ வேலைக்குப் போ."